ஐடி சான்றிதழ்: பயிற்சி மையத்தைக் கடைசியில் தேடுங்கள்

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் மாடிக்கு மாடி பலகை தொங்கும். ஜாவா, பைத்தான், ஏ.டபிள்யூ.எஸ்., டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ், இப்போது புதிதாக ஜெனரேட்டிவ் ஏஐ. கோவை காந்திபுரத்திலும் பெங்களூரு மாரத்தஹள்ளியிலும் இதே கதைதான். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுபவர்களும், வேறு துறையில் இருந்து ஐடிக்கு மாற நினைப்பவர்களும் பெரும்பாலும் இந்தப் பலகைகளில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பலகையில் ஒரு எண் இருக்கும், போன் செய்வார்கள், கவுன்சிலர் என்று ஒருவர் பேசுவார், அன்று மாலைக்குள் கட்டணத்தில் ஒரு பகுதி கட்டப்பட்டிருக்கும். எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்ற கேள்வி அப்புறம்தான் வரும். சிலருக்கு வருவதே இல்லை.

இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் வேலை. அந்த வேலைக்கு எந்தத் தேர்வை மதிக்கிறார்கள் என்பது அடுத்து. அதை இலவசமாக எவ்வளவு தூரம் படிக்கலாம் என்பது மூன்றாவது. அதற்குமேல் உதவி தேவைப்பட்டால்தான் பயிற்சி மையம். சான்றிதழ்களுக்குள் உள்ள வித்தியாசத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அதன்பின் வருவதெல்லாம் இந்த வரிசையில்தான்.

கையில் வரப்போவது எந்தச் சான்றிதழ்?

பயிற்சி மையம் கொடுக்கும் சான்றிதழ் வேறு, தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழ் வேறு. டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்ததற்குத் தரும் காகிதத்துக்கும் ஆர்.டி.ஓ. தரும் லைசென்சுக்கும் உள்ள தூரம் இது. முதலாவது நீங்கள் வகுப்புக்கு வந்தீர்கள் என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டாவதை சிஸ்கோ, அமேசான், மைக்ரோசாப்ட், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களோ, காம்ப்டியா, ஐ.எஸ்.டி.க்யூ.பி. போன்ற பொதுவான அமைப்புகளோ நடத்தும் தேர்வில் தேறினால்தான் பெற முடியும். இவற்றில் பல தேர்வுகள் பியர்சன் வி.யூ.இ. என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில் நடக்கின்றன. தேறியவருக்கு டிஜிட்டல் பேட்ஜ் வரும். பெரும்பாலும் அது கிரெட்லி தளத்தில் இருக்கும். வேலைக்கு எடுப்பவர் அந்த லிங்க்கைத் தட்டினால் உண்மையா, எப்போது காலாவதி ஆகிறது என்பது வரை தெரிந்துவிடும்.

பயிற்சி மையத்தின் சான்றிதழில் 'ஐ.எஸ்.ஓ. 9001' என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது அந்த மையத்தின் நிர்வாக நடைமுறைக்குக் கிடைத்த முத்திரை. பாடத்தின் தரத்தையோ உங்கள் திறமையையோ பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 'சர்வதேச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்' என்று கவுன்சிலர் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தேர்வை நடத்துவது யார், தேர்வு எண் என்ன?" சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சி.சி.என்.ஏ. என்றால் 200-301 என்று உடனே பதில் வர வேண்டும். தடுமாறினால் அது வருகைப் பதிவுச் சான்றிதழ்.

வேலையைத் தேர்ந்தெடுப்பது

நௌக்ரியையோ லிங்க்ட்இன்னையோ திறந்து, நீங்கள் போக நினைக்கும் ஊரைப் போட்டு, அனுபவம் 0 முதல் 2 ஆண்டு என்று வடிகட்டி, இருபது முப்பது விளம்பரங்களையாவது பொறுமையாகப் படியுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பதவியின் பெயர், கேட்கும் திறன்கள், சான்றிதழ் கேட்கிறார்களா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்தக் கவுன்சிலரும் சொல்லாத ஒரு விஷயம் அப்போது கண்ணில் படும். சில வேலைகளுக்குச் சான்றிதழ் பெயரைப் போட்டே கேட்கிறார்கள், சிலவற்றுக்கு அந்தப் பேச்சே இல்லை.

பேச்சே இல்லாத பெரிய கூட்டம் மென்பொருள் எழுதுபவர்கள். டெவலப்பர் வேலைக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட், பிறகு நேர்காணலில் ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொல்வது, இதுதான் வழி. ஜோஹோ போன்ற நிறுவனத்தில் சுற்றுக்குச் சுற்று நிரல் எழுத வைப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டைபெண்ட் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையே அந்த நிறுவனம் நடத்துகிறது. அங்கே ஜாவா சான்றிதழை நீட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. டெவலப்பர் ஆக விரும்புகிறவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, அந்த நேரத்தில் நிரல் எழுதிப் பழகி, எழுதியதை மற்றவர்கள் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டு வைப்பது மேல்.

நெட்வொர்க், லினக்ஸ் சர்வர் நிர்வாகம், கிளவுட் சப்போர்ட், டெஸ்டிங், செக்யூரிட்டி, நிறுவனங்கள் பயன்படுத்தும் சேல்ஸ்ஃபோர்ஸ், சர்வீஸ்நவ் மென்பொருள்கள் போன்ற இடங்களில்தான் சான்றிதழுக்கு மதிப்பு. காரணம் வெறும் பகட்டு இல்லை. சிஸ்கோ, அமேசான் போன்றவை தங்கள் பொருளை விற்று, நிறுவி, பராமரிக்கும் பார்ட்னர் நிறுவனங்களைத் தட்டு தட்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மேல் தட்டுக்குப் போக வேண்டுமென்றால் இன்னின்ன சான்றிதழ் உள்ள ஆட்கள் இத்தனை பேர் அந்த நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் தலையை எண்ணிக் கணக்கில் சேர்த்தால் அந்த நிறுவனத்துக்கு நேரடி லாபம். ஆகவே ஒரு பார்ட்னர் நிறுவனம், அமேசானின் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குத் தரும் கணினி வசதி) சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சான்றிதழை மதிப்பதில் வியாபாரக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில்லாத நிறுவனம் அதே சான்றிதழைக் கண்டுகொள்ளாமலும் விடலாம்.

இடம் மாறினால் மதிப்பும் மாறும். யூடியூபில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களில் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் இல்லாமல் சைபர் செக்யூரிட்டி வேலையில் நுழையவே முடியாது என்பார்கள். அவர்கள் ஊரில் அது ஓரளவு உண்மைதான். அமெரிக்க ராணுவத்தை நிர்வகிக்கும் பாதுகாப்புத் துறை தன் கணினி அமைப்புகளைத் தொடுகிறவர்களுக்கு இத்தகைய சான்றிதழ்களை 8570 என்ற உத்தரவு மூலம் கட்டாயமாக்கியது. இப்போது 8140 அதன் இடத்தில் இருக்கிறது. அங்கே அரசு ஒப்பந்த வேலைகள் ஏராளம், அதனால் தேவையும் ஏராளம். சென்னையில் எஸ்.ஓ.சி. அனலிஸ்ட் (நிறுவனத்தின் கணினிகள் மீதான தாக்குதல்களைக் கண்காணிப்பவர்) வேலை தேடுகிறவருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அந்தப் பாடம் நல்ல அடித்தளம் தரும், மறுக்கவில்லை. ஆனால் வீடியோ சொல்கிறது என்று பணம் கட்டாதீர்கள், நோட்டில் எழுதிய விளம்பரங்கள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள்.

டேட்டா சயின்ஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பலகைகளில் அதிகக் கட்டணம் போட்டிருப்பதும் அதற்குத்தான், புதியவருக்கு என்று தனியாக வேலை குறைவாக இருப்பதும் அதில்தான். தொழில் முழுவதும் மதிக்கும் ஒற்றைத் தேர்வு என்று அங்கே எதுவும் இல்லை. எஸ்.க்யூ.எல்., எக்செல், பவர் பி.ஐ. கற்றுக்கொண்டு டேட்டா அனலிஸ்ட் ஆக உள்ளே போய், அங்கிருந்து நகர்வதுதான் நடக்கிற காரியம்.

முதல் தேர்வு எது?

நெட்வொர்க் பக்கம் போகிறவருக்கு சி.சி.என்.ஏ. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ பல கிளைகளாக இருந்த சி.சி.என்.ஏ.வை ஒன்றாக்கியது. இப்போது ஒரே தேர்வுதான், 120 நிமிடம். தேர்வுக் கட்டணம் 300 டாலர். டாலர் 85 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 30,000 ரூபாய்க்குக் குறையாது. மூன்று ஆண்டு செல்லும். புதியவருக்கு இது கனமான தேர்வு. சப்நெட்டிங்கை (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்து முகவரி போடும் கணக்கு) விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

கிளவுட் என்றால் ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் இரண்டு வாசல். கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், 90 நிமிடம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள்கூட எழுதும் அறிமுகத் தேர்வு அது. தொழில்நுட்ப வேலைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எடுபடாது. அடுத்தது சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட், 150 டாலர், 130 நிமிடம், 65 கேள்வி, ஆயிரத்துக்கு 720 எடுக்க வேண்டும். கணினி அடிப்படை தெரிந்தவர் நேராக இரண்டாவதையே எழுதலாம். முதலாவதை எழுதியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பயம் தெளிய முதலாவதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: ஏ.டபிள்யூ.எஸ். தேர்வு ஒன்றில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணம். தவறினால் 14 நாள் காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும்.

மைக்ரோசாப்ட்டில், அதன் கிளவுட்டான அஷ்யூருக்கான ஏ.இசட்.-900 போன்ற அடிப்படைத் தேர்வுகளுக்குக் காலாவதி இல்லை. மேற்கொண்டு ஏ.இசட்.-104 போன்றவை ஓராண்டுதான் செல்லும், ஆனால் புதுப்பிப்பது இலவசம். கட்டணத்தை நாட்டுக்கு நாடு வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் டாலர் விலையைப் பார்த்துப் பயப்படாமல் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து விலையைப் பாருங்கள்.

லினக்ஸ் விரும்பிகளுக்கு ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிக மரியாதை உள்ள தேர்வு இதுதான். நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கும் வேலை கிடையாது. உங்கள் முன்னால் நிஜமான லினக்ஸ் இருக்கும். பயனரைச் சேர், டிஸ்க்கைப் பிரி, ஃபயர்வாலைத் திற என்று வேலைகளைக் கொடுப்பார்கள். செய்து முடித்ததெல்லாம் கணினியை ரீபூட் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும். நிலைக்கவில்லை என்றால் மதிப்பெண் இல்லை. 300க்கு 210 தேறும் எல்லை. இதை மனப்பாடம் செய்து தாண்ட முடியாது என்பது நேர்காணல் செய்கிறவருக்கும் தெரியும். மதிப்பே அங்கிருந்துதான் வருகிறது.

மேனுவல் டெஸ்டிங்கில் நுழைய ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் போதும். தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் உண்டு. காலாவதி ஆகாது. 2023இல் வந்த 4.0 பாடத்திட்டம்தான் இப்போது நடப்பில் உள்ளது. பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் அவர்கள் தளத்திலேயே இலவசம். பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இதற்கு வகுப்பே வேண்டாம் என்பேன்.

கூடுதல் நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிஸ்கோவிலும் ஏ.டபிள்யூ.எஸ்.ஸிலும் தமிழ் வினாத்தாள் கிடையாது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கு ஏ.டபிள்யூ.எஸ். 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. ஆனால் தேர்வுக்குத் தேதி பதிவு செய்வதற்கு முன்பே கணக்கில் போய் விண்ணப்பித்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

பெயர் பெரிதாக இருக்கிறது என்று பி.எம்.பி. (திட்ட நிர்வாகம்), சி.ஐ.எஸ்.எஸ்.பி. (கணினிப் பாதுகாப்பு) பயிற்சியில் சேர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. பட்டதாரிகூட பி.எம்.பி. எழுத 36 மாதத் திட்ட அனுபவம் காட்ட வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் தேறினாலும் முழுச் சான்றிதழ் பெற ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பார்கள். புதியவரிடம் இவற்றை விற்கிற மையம் மற்ற விஷயங்களிலும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று வாரம்

தேர்வு எது என்று முடிவானதும் அதன் பாடத்திட்டத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று வாரம் சொந்தமாகப் படித்துப் பாருங்கள். இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் மூன்று வாரம்தான்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். ரவுட்டர், ஸ்விட்ச் எதுவும் வாங்காமல் சி.சி.என்.ஏ. பயிற்சியில் பெரும்பகுதியை அதிலேயே செய்துவிடலாம். லினக்ஸுக்கு, உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், ரெட் ஹேட்டை ஒத்த இலவச லினக்ஸான ராக்கி அல்லது அல்மாவைப் போட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட் லேர்ன், ஏ.டபிள்யூ.எஸ். ஸ்கில் பில்டர் இரண்டிலும் அடிப்படைப் பாடங்களுக்குக் காசில்லை. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் கிரெடிட் கார்டு இல்லாமலே அஷ்யூர் மாணவர் கணக்கு கிடைக்கும், 100 டாலர் அளவுக்குப் பழகலாம். சேல்ஸ்ஃபோர்ஸுக்கு டிரெயில்ஹெட் தளம், சர்வீஸ்நவ்வுக்கு அவர்களே தரும் இலவச டெவலப்பர் இன்ஸ்டன்ஸ். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் கார்டு கொடுத்துக் கணக்கு தொடங்குகிறவர்கள் முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வைத்துவிடுங்கள். பழகிவிட்டு அணைக்க மறந்த சர்வர் மாதக் கடைசியில் பில்லாக வரக்கூடும்.

தமிழில் கேட்டுப் படிக்க விரும்பினால் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், பைத்தான் போன்ற பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகளில் சேரக் கட்டணமில்லை, தேர்வு எழுத மட்டும் 1,000 ரூபாய். தேர்வு நேரடி மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால் நடக்கும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். ஐடி நிறுவனம் இதை சி.சி.என்.ஏ. மாதிரி கேட்டு வாங்காது. ஆனால் டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று அடிப்படை ஆட்டம் காண்கிறவருக்கு அதைவிட மலிவாக நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டு இருப்பவர்கள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பாடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள். வெளியே பல ஆயிரம் வாங்கும் பாடம் உள்ளே இலவசமாக இருக்கக்கூடும். பொறியியல் முடித்து, ஆறு மாதம் வேறு வேலை இல்லாமல் முழுநேரமாகப் படிக்க முடிகிறவர்களுக்கு மத்திய அரசின் சிடாக் நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது. சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் குறைவில்லைதான், ஆனால் அது காலையில் தொடங்கி மாலை வரை கசக்கிப் பிழியும் படிப்பு. கணினிப் பட்டம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் நீலிட் நிறுவனத்தின் ஓ லெவல் படிப்பு ஒரு வழி. அரசு வேலை விண்ணப்பங்களில் அதற்கு மதிப்பு அதிகம்.

மையத்தில் என்ன கேட்பது?

மூன்று வாரம் படித்தும் தனியாக முடியாது, தினமும் ஒருவர் உட்கார வைத்தால்தான் நடக்கும் என்று தெரிந்தால் மையம் தேடுவதில் தப்பே இல்லை. நல்ல ஆசிரியர் ஆறு மாத வேலையை இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுப்பார். இப்போது உங்களுக்குப் பாடம் கொஞ்சம் தெரியும் என்பதால் ஏமாற்றுவதும் கடினம்.

அவர்கள் தரும் நோட்ஸை முதலில் புரட்டுங்கள். சி.சி.என்.ஏ. நோட்ஸில் ஃபிரேம் ரிலே என்ற பழைய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தால் அது பத்து வருஷத்துக்கு முந்தைய சரக்கு. இப்போதைய பாடத்திட்டத்தில் ஐ.பி. கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், செக்யூரிட்டிக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10 என்று ஒதுக்கியிருக்கிறார்கள். "ஆட்டோமேஷன் யார் எடுக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்றால் 2018 பாடத்திட்டமா, 4.0வா என்று கேளுங்கள்.

டெமோ வகுப்பு எடுக்கிறவர்தான் பேட்ச்சுக்கும் வருவாரா என்பது அடுத்தது. பல இடங்களில் டெமோவுக்கு ஒருவர், பேட்ச்சுக்கு இன்னொருவர். வருகிறவரின் கிரெட்லி பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருப்பதால் மட்டும் பாடம் எடுக்க வந்துவிடாதுதான். என்றாலும் தான் எழுதாத தேர்வுக்குப் பயிற்சி தருகிறவரிடம் 30,000 ரூபாய்த் தேர்வை ஒப்படைக்கத் தயங்குவது நியாயம். லேப் எத்தனை மணி நேரம், வகுப்பு முடிந்து வீட்டில் இருந்தும் பழகலாமா, பேட்ச்சில் எத்தனை பேர், இடையில் ஆசிரியர் விலகினால் என்ன, கட்டணத்தில் தேர்வு வவுச்சர் (தேர்வுக் கட்டணத்துக்கான கூப்பன்) அடங்குமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தைக்கு ரசீது கிடையாது.

'100% பிளேஸ்மென்ட்' என்ற பலகைக்கு வருவோம். பெரும்பாலும் அதன் அர்த்தம், நேர்காணலுக்கு அனுப்புவோம் என்பதுதான். சில இடங்களில் ஏற்கெனவே நௌக்ரியில் உள்ள விளம்பரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு முடிந்துவிடும். வேலை நிச்சயம் என்று பொய்யாக விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான நெறிமுறைகள் தடை செய்கின்றன. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு ரசீதும் எழுத்து ஆதாரமும் கையில் இருக்க வேண்டும்.

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றால் அது மையத்துக்கே கட்டும் தவணையா, நிதி நிறுவனத்தின் கடனா என்று பிரித்துப் பாருங்கள். பான் கார்டு, ஆதார், ஓ.டி.பி. கேட்டால் அது கடன். மொத்தப் பணமும் அன்றே மையத்துக்குப் போய்விடும். பாதியில் நீங்கள் நின்றாலும், மையமே மூடினாலும், மாதத் தவணை உங்கள் கணக்கில் இருந்து போய்க்கொண்டிருக்கும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். 'வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்' என்ற ஒப்பந்தங்களிலும் வேலை என்றால் எவ்வளவு சம்பளம், எத்தனை ஆண்டு வரை கட்ட வேண்டும் என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று, அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. 'சரிபார்ப்புக்கு' என்பார்கள், பாக்கிப் பணத்துக்குப் பிணையாக மாறிவிடும். நகல் போதும். இன்னொன்று, போலி அனுபவச் சான்றிதழ். 'ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், பேக்டோர்ல உள்ளே போயிடலாம்' என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இன்னும் இருக்கின்றன. யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணை வைத்து அந்தக் கணக்கின் வரலாற்றைப் பார்த்தாலே எந்த மாதம் எந்த நிறுவனத்தில் இருந்தீர்கள் என்பது வெளிவந்துவிடும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கினால் வேலையோடு பெயரும் போகும்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். மார்க்‌ஷீட்டில் 'செல்வராணி கே', ஆதாரில் 'கே செல்வராணி', பாஸ்போர்ட்டில் பெயர் செல்வராணி, குடும்பப் பெயர் கண்ணன் என்று மூன்று விதமாக இருக்கும். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பதிவிலும் இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் திரும்ப வராது. எந்த அட்டையை ஏற்பார்கள் என்பதைத் தேர்வு விதிகளில் பார்த்துவிட்டு, அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கு தொடங்குங்கள். பாஸ்போர்ட் இருந்தால் குழப்பம் குறைவு.

வீட்டில் இருந்தே கேமரா முன் எழுதும் வசதி பல தேர்வுகளுக்கு உண்டு. மேசை காலியாக இருக்க வேண்டும், அறைக்குள் யாரும் வரக் கூடாது, நடுவில் பாட்டி கதவைத் திறந்தாலும் தேர்வு ரத்தாகலாம். கரண்ட்டும் இன்டர்நெட்டும் நம்பும்படி இல்லாத ஊரில் இருப்பவர்கள் பஸ் ஏறி மையத்துக்கே போய்விடுவது உத்தமம்.

டம்ப்ஸ் என்று டெலிகிராமில் சுற்றும் கேள்வித் தொகுப்பை மையமே கொடுத்து, 'இதைப் படி, பாஸ்' என்று சொல்வதும் நடக்கிறது. தேர்வுக் கேள்விகளைக் கசிய விடுவதும் பயன்படுத்துவதும் நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் விதிகளுக்கு விரோதம். கண்டுபிடித்தால் சான்றிதழைப் பறித்து, மறுபடி எழுதவும் தடை போடுவார்கள். அது ஒருபக்கம். டம்ப்ஸ் படித்துத் தேறியவரிடம் நேர்காணலில் "ஒரு சப்நெட் போட்டுக் காட்டு" என்று பேப்பரை நகர்த்தினால் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். நேர்காணல் செய்கிறவர்கள் இதற்காகவே அந்தப் பேப்பரை வைத்திருக்கிறார்கள்.

தேர்வுக் கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்காதீர்கள், சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். மாணவர் சலுகைக்குக் கல்லூரி முகவரி தேவைப்பட்டால் அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த முகவரியை மூடிவிடும், பேட்ஜும் புதுப்பிப்பு நினைவூட்டலும் அதோடு போய்விடும். மைக்ரோசாப்ட்டின் ஓராண்டுச் சான்றிதழுக்குக் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கும் வாசல் திறக்கிறது. அதை வீட்டில் இருந்தே, பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஒருநாள் தாண்டினாலும் முழுத் தேர்வையும் பணம் கட்டி மறுபடி எழுத வேண்டியதுதான். தேறிய அன்றே அந்தத் தேதியைப் போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.